பன்னிரண்டு இழை

போன ஆவணியில் றோஸை எடுத்துச்
செம்மஞ்சளோடு ஒட்டிவிட்டேன்.
ஒட்டும் மெசின் ஒன்றும் சொல்லவில்லை.
அதற்கு நிறம் தெரியாது.
இழப்பு பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு,
திறமான ஒட்டு என்று பச்சை காட்டியது.
விடிய, வேலணை ஆஸ்பத்திரியின் இணைப்பு
ஒரு ஐஸ் கொம்பனிக்குப் போயிருந்தது.
ஐஸ் கொம்பனியின் இணைப்பு
எங்கேயும் போகவில்லை.

கண்ணைக் காட்டிக்கொண்டு வா என்று
துண்டு எழுதித் தந்தார் செல்வேந்திரா.
கிளினிக்கில், புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த இலக்கமெல்லாம்
ஒன்றும் விடாமல் வாசித்தேன்.
பிழை கண்ணில் இல்லை.
நெற்றியில எழுதினது, என்றா அம்மா.
நெற்றியில கட்டினது, என்றேன்.

ஸ்ரான்லி வீதி, நவ்ஃபரின் கடை.
"இது ரெண்டாயிரம் லூமன், தங்கச்சி.
பண்ணையில நிண்டு அடிச்சா
மண்டைதீவில கோழி கூவும்."
எனக்கு மண்டைதீவு வேண்டாம்.
மூக்கிலிருந்து ஒரு சாண் போதும்.

கைப்பையிலிருந்து எடுத்தேன்,
உறை சீவிய ஒரு முழக் கேபிள்.
உள்ளே பன்னிரண்டு இழை,
தலைமயிர்த் தடிப்பு.
"கடை லைற்றை நிப்பாட்டுங்கோ.
ஷட்டரையும் அரைவாசி இறக்குங்கோ."
ஒரு மாதிரிப் பார்த்தார். இறக்கினார்.

முதலாவது நீலம் பாய்ந்த வெளிச்சம்:
சாம்பலும் வெள்ளையும்
ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.
அடுத்தது மஞ்சள்காமாலை.
மூன்றாவதுக்குப் பிடரியில் ஒரு பற்றறிப் பெட்டி,
கழுத்து நாளைக்கே கேள்வி கேட்கும்;
அதில் சிவப்பு, காய்ந்த கபிலம்.
ரெண்டாயிரம் லூமனில்
எல்லா இழையும் வெள்ளை,
என் நகம்கூட.

கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில்
நெருப்புப்பெட்டி அளவில் ஒன்று, தூசியோடு.
நாற்பத்தாறு கிராம்.
மட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில்
நிறத் துல்லியம் தொண்ணூற்றைந்து.
"அது வெளிச்சம் காணாதெண்டு
ரெண்டு பேர் திருப்பித் தந்தவை."
கட்டினேன்.
றோஸ் றோஸாக நின்றது.
செம்மஞ்சள், பனங்களி.
சாம்பல் வெள்ளையை விட்டு
ஒரு அடி தள்ளி நின்றது.
பன்னிரண்டும் பெயர் கூப்பிட முதலே
கை தூக்கின.

நிமிர்ந்தேன். வெளிச்சம்
நவ்ஃபரின் சேட்டில் விழுந்தது.
"அண்ணை, உங்கட சேட் கடும் பச்சை."
குனிந்து பார்த்தார்.
"கறுப்பெண்டெல்லோ வாங்கினனான்"
என்றார், ஏமாந்த குரலில்.
ஆறாயிரத்து எண்ணூறு.
அதில் முந்நூறு குறைத்தது
சேட்டுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.
ரோச்சுக்கெல்லாம் கொம்பனி பில் போடாது.

ஐப்பசி. பண்ணைப் பாலத்தடியில்
பெக்கோ திரும்பவும் கேபிளைக் கடித்துவிட்டது.
இரவு பதினொன்றரை, சாய்ந்த மழை.
றெஜினோல்ட் குடை பிடிக்கிறான்,
எனக்கில்லை, மெசினுக்கு.
நீலம். செம்மஞ்சள். பச்சை.
கடல் காற்று இழையைக் கொண்டு போகப் பார்க்கிறது.
ஏழாவதில் ஒரு கண்ணாடித் துணுக்கு
பெருவிரலில் ஏறிற்று.
ரத்தம் வந்தது, சிவப்பாக.
பழைய லைற்றில் ஆறு வருசமாக
சேறு என்று துடைத்திருக்கிறேன்.

வெட்டிய நுனியை நான் துடைக்கையில்
றெஜினோல்ட் கேட்டான்:
"உதுக்குள்ள ஓடுற வெளிச்சம் என்ன நிறம்?"
"நிறமில்லை. மனிசக் கண்ணுக்குத் தெரியாது.
நுனியைப் பாக்கவும் கூடாது, கண் போயிடும்."
கொஞ்ச நேரம் மழை மட்டும் பேசியது.
"தெரியாத வெளிச்சத்துக்கோ
ஆறாயிரத்து ஐந்நூறு குடுத்தனீ?"

"குடையை நேரே பிடி," என்றேன்.
பதினொன்று. றோஸ்.